கருத்தரிப்பு மருத்துவரைத் தேர்ந்தெடுத்தல்: பெங்களூருத் தம்பதியர் அறிய வேண்டியவை

மக்கள் தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 1952-ஆம் ஆண்டிலேயே தேசிய அளவில் குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கிய நாடு இந்தியா. சிறு குடும்ப நெறி இன்று பெரும்பாலான மாநிலங்களில் வேரூன்றிவிட்டது. 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை 1.7 ஆகும். இது பெரும்பாலும் தம்பதியர் தாமாக விரும்பி மேற்கொண்ட கட்டுப்பாட்டின் விளைவு. ஆனால், குடும்பநலம் என்பதற்கு மற்றொரு முகமும் உண்டு. குழந்தையை விரும்பியும் பெற இயலாதவர்களின் நலனும் அதில் அடங்கும். உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர், வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில், கருத்தரிக்க இயலாத நிலையை அனுபவிக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது.

இத்தகையோருக்குச் சிகிச்சை அளிக்கும் முக்கிய நகரங்களுள் ஒன்று பெங்களூரு. ஜயநகர், இந்திரா நகர் போன்ற பகுதிகளின் முக்கிய சாலைகளில் கருத்தரிப்பு மையங்களின் பெயர்ப் பலகைகளைக் காணலாம். நகரவாசிகள் மட்டுமன்றி, கோலார், துமகூரு மாவட்டங்களிலிருந்தும், தமிழ்நாட்டின் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளிலிருந்தும் தம்பதியர் இங்கு வருகின்றனர். மையங்கள் பல இருப்பதால் தேர்வு எளிதாகிவிடுவதில்லை. யாரிடம் செல்வது என்ற முதல் முடிவே பெண்ணின் உடல்நலத்தையும், குடும்பத்தின் சேமிப்பையும், திரும்பப் பெற முடியாத காலத்தையும் பாதிக்கிறது. அம்முடிவை எந்தத் தகவலின் அடிப்படையில் எடுப்பது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

எப்போது நாட வேண்டும்?

கருத்தடை ஏதுமின்றி ஓராண்டுக் காலம் இல்லற வாழ்வு நடத்தியும் கருத்தரிக்கவில்லையெனில் மருத்துவ ஆலோசனை பெறுதல் முறை. மனைவியின் வயது 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதங்களுக்கு மேல் காத்திருத்தல் கூடாது. வயது ஏற ஏறக் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன. 35-க்குப் பின் இக்குறைவு விரைவடைந்து, 40-க்குப் பின் மிகக் கடுமையாகிறது.

காரணங்கள் பலவகைப்படும். பெண்களிடம் முட்டை வெளிப்படுதலில் கோளாறு, கருக்குழாய் அடைப்பு, கருப்பை உட்படலம் வேறிடங்களில் வளர்தல் ஆகியவை காணப்படுகின்றன. நம் நாட்டில் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோயும் கருத்தில் கொள்ளத்தக்க காரணம். ஆண்களிடம் விந்தணுக்களின் எண்ணிக்கையிலோ, அசையும் திறனிலோ, வடிவத்திலோ குறைபாடு இருக்கலாம். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் குறைபாடு தனித்தோ, பெண்ணின் குறைபாட்டுடன் சேர்ந்தோ அமைகிறது.

இருப்பினும், பழி பெண்ணின்மீதே விழுகிறது. மலடி என்ற சொல் வழங்கும் அளவுக்கு அதற்கு இணையான ஆண்பாற்சொல் வழங்குவதில்லை என்பதே இதற்குச் சான்று. மனைவி மட்டும் தாயுடனோ மாமியாருடனோ மருத்துவமனைக்குச் சென்று, மாதக்கணக்கில் மாத்திரை உட்கொண்ட பின்னரே கணவர் பரிசோதனைக்கு வரும் நிலை இன்றும் மறையவில்லை. விந்துப் பரிசோதனை எளியது, வலியற்றது, செலவு குறைந்தது. முதல் சந்திப்பிலேயே இருவரையும் வரச் சொல்லி, கணவரின் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே கேட்கும் மருத்துவர், சரியான வழியில் தொடங்குகிறார் எனக் கொள்ளலாம்.

தேர்வு நடைபெறும் விதம்

தம்பதியர் மருத்துவரை அடையும் வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, உற்றார் உறவினரின் சொல். 'அவருக்கு அங்கே குழந்தை பிறந்தது' என்ற செய்தி ஆறுதல் தருகிறது. ஆனால் அப்பெண்ணின் வயதும் குறைபாடும் வேறு. கேட்பவருடைய நிலை வேறு. மேலும், வெற்றி பெற்றவர்கள் மகிழ்ச்சியோடு பேசுகின்றனர். தோல்வியுற்றவர்கள் பெரும்பாலும் மௌனமாகிவிடுகின்றனர். ஆகவே, காதில் விழும் அனுபவங்கள் ஒரு பக்கமே சாய்ந்திருக்கும்.

இரண்டாவது வழி, குடும்பத்திற்குப் பழக்கமான மகப்பேறு மருத்துவரின் பரிந்துரை. நோயின் வரலாற்றை அறிந்தவர் தருவதால் இது மதிப்புடையது. எனினும், ஏன் இந்த மையம், வேறு எவை உள்ளன என்று கேட்பதற்குத் தயங்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, விளம்பரம். குழந்தையின் சிரித்த முகமும், ஒரு பெரிய சதவீத எண்ணும் அதில் இடம்பெறுகின்றன. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிகள், நோயாளிகளைக் கவர்ந்திழுக்கும் நோக்குடன் மருத்துவர் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்வதைத் தடை செய்கின்றன. எனவே விளம்பரத்தின் கவர்ச்சி திறமைக்குச் சான்றாகாது.

தேர்ந்தெடுத்த பின் அமையும் அனுபவமும் கவனத்திற்குரியது. காத்திருப்பு பல மணி நேரம், மருத்துவருடன் பேச்சு சில நிமிடம் என்ற நிலை ஏற்படலாம். ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர் பரிசோதிக்கலாம். பல பக்கப் படிவங்களை அவசரமாகக் கையெழுத்திட நேரலாம். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எனப் பல மொழிகள் வழங்கும் நகரத்தில், ஆங்கிலத்தில் மட்டும் அளிக்கப்படும் விளக்கம் பலருக்குப் பயன்படுவதில்லை. புரியும் மொழியில் பொறுமையாக விளக்கம் கிடைக்கிறதா என்பதும் தேர்வின் ஓர் அளவுகோல்.

தொலைவும் அத்தகையதே. சோதனைக்குழாய் முறையில், முட்டை வளர்ச்சிக்கான ஊசிகள் ஏறத்தாழ பத்து அல்லது பன்னிரண்டு நாள்கள் போடப்படுகின்றன. அந்நாள்களில் பலமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். பின்னர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய ஊசியின் வழியே முட்டைகள் சேகரிக்கப்படுகின்றன. ஆய்வகத்தில் விந்தணுவுடன் இணைந்து உருவாகும் கரு, சில நாள்கள் வளர்க்கப்பட்டுக் கருப்பையில் வைக்கப்படுகிறது. பலன் தெரிய மேலும் இரு வாரங்கள் ஆகும். வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும், வெளியூரிலிருந்து பேருந்தில் வருபவருக்கும் இது பெரும் சுமை. புகழ் பெற்ற தொலைதூர மையத்தைவிட, தகுதியுடைய அண்மை மையமே சிலருக்கு உகந்ததாகலாம்.

வெற்றி விகிதம்: எதில் எத்தனை?

தம்பதியர் கேட்கும் முதல் கேள்வி, வெற்றி விகிதம் எவ்வளவு என்பதே. கேள்வி சரியானதே; ஆனால் விடையைப் புரிந்துகொள்ள, எது வெற்றி, எத்தனை பேரில் என்ற இரண்டையும் அறிதல் வேண்டும்.

விளக்கத்திற்காக மட்டும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மையத்தில் 100 பெண்கள் சிகிச்சையைத் தொடங்குகின்றனர் என்று கொள்வோம். மருந்துக்குப் போதிய பலன் இல்லாததால் சிலர் விலக, 90 பேரிடம் முட்டை சேகரிக்கப்படுகிறது. 80 பேருக்குக் கரு வைக்கப்படுகிறது. 36 பேருக்கு இரத்தப் பரிசோதனையில் கருவுற்றதற்கான அறிகுறி தெரிகிறது. 30 பேரிடம் கருவின் இதயத் துடிப்பு காணப்படுகிறது. இறுதியில் 24 பேர் உயிருள்ள குழந்தையைப் பெறுகின்றனர். இங்கு, கரு வைக்கப்பட்ட 80 பேரில் 36 பேர் கருவுற்றனர் என்பதைக் கொண்டு 45 சதவீத வெற்றி என்று கூறலாம். சிகிச்சை தொடங்கிய 100 பேரில் 24 பேர் குழந்தையுடன் வீடு திரும்பினர் என்பதைக் கொண்டு 24 சதவீதம் என்றும் கூறலாம். இரண்டும் பொய்யல்ல. ஆனால், தம்பதியருக்குத் தேவையானது இரண்டாவது எண்ணே.

வயதும் இத்துடன் சேர வேண்டும். இளம் வயதினரை மட்டும் மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளும் மையத்தின் சராசரி உயர்ந்து தோன்றும். கடினமான நிலையிலுள்ளவர்களை ஏற்கும் நேர்மையான மையத்தின் சராசரி தாழ்ந்து தோன்றும். எனவே, 'எங்கள் வயதிலும் எங்களுக்குள்ள குறைபாட்டிலும், சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது? தானமாகப் பெற்ற முட்டையால் பிறந்தவை இதில் சேருமா?' என்று கேட்டல் வேண்டும். முழு உத்தரவாதம் அளிப்பவரைக் கண்டு எச்சரிக்கை கொள்வதே அறிவுடைமை. ஏனெனில், எந்தக் கருத்தரிப்பு முறையும் உறுதியான பலன் தருவதன்று.

பதிவேடே சான்று

இத்துறையில் வாய்மொழிக் கூற்றைவிட எழுதி வைத்த பதிவேடே உயர்ந்தது என்பதை இந்தியாவின் சொந்த வரலாறே உணர்த்துகிறது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-இல், கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவருடைய கூற்றை ஏற்கவில்லை. மனமுடைந்த அவர் 1981-இல் உயிர் துறந்தார்.

1986 ஆகஸ்ட் 6-இல் பம்பாயின் கே.ஈ.எம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையே நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனப் போற்றப்பட்டது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவுடன் அச்சாதனையில் பங்கு கொண்ட அறிவியலாளர் டி.சி. ஆனந்த குமார். பிற்காலத்தில் பெங்களூரில் பணியாற்றிய அவர், முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்தறிந்தார். பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் 1997-இல் எழுதிய கட்டுரையில், முதன்மைக்குரியவர் முகர்ஜியே என்று அறிவித்தார். தமக்குரிய பெருமையைப் பதிவேட்டின் சான்றுக்காக அவர் விட்டுக்கொடுத்தார். புகழுக்கும் ஆவணத்திற்கும் முரண்பாடு நேரும்போது ஆவணத்தையே நம்ப வேண்டும் என்ற இந்த நெறி, மருத்துவரைத் தேடும் தம்பதியருக்கும் பொருந்தும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

நெடுங்காலம் இத்துறைக்குத் தனிச் சட்டம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சட்ட வலிமை அற்றவை. இக்குறையை நீக்க, இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டு, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் 2022 ஜூனில் வெளியிடப்பட்டன.

இச்சட்டத்தின்படி ஒவ்வொரு மையமும் பதிவு பெற வேண்டும். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். விந்தணுவைக் கருப்பையினுள் செலுத்தும் முறையை மட்டும் மேற்கொள்பவை முதல் நிலை மையங்கள். முட்டை சேகரித்தல், ஆய்வகத்தில் கருவை உருவாக்குதல் ஆகியவற்றுக்கு இரண்டாம் நிலைப் பதிவு தேவை. முதல் நிலைப் பதிவு மட்டும் உள்ள இடத்தில் சோதனைக்குழாய்ச் சிகிச்சை நடைபெறுதல் சட்ட விரோதம். ஆகவே, மையத்தில் வைக்கப்பட்டுள்ள பதிவுச் சான்றிதழில் நிலையையும் காலக்கெடுவையும் பார்த்தல் முதற்கடமை.

21 வயதுக்கு மேல் 50 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கும், 21 வயதுக்கு மேல் 55 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கும் இச்சேவையைச் சட்டம் அனுமதிக்கிறது. வெற்றி வாய்ப்பு, செலவு, உடலுக்கு நேரக்கூடிய தீங்கு, பக்க விளைவுகள் ஆகியவற்றைத் தம்பதியருக்கு எடுத்துரைப்பதும், தொழில்முறை ஆலோசனை வழங்குவதும் மையத்தின் கடமை. எழுத்து வடிவில் ஒப்புதல் பெறாமல் சிகிச்சை அளித்தல் கூடாது. கரு கருப்பையில் வைக்கப்படுவதற்கு முன்னர், எந்த நேரத்திலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். குறைகளைக் கேட்கும் பிரிவு ஒன்று மையத்தில் இயங்க வேண்டும். குழந்தையின் பாலினத்தைத் தேர்ந்தெடுத்துத் தருவதாகக் கூறுதல் கடுங்குற்றம். அத்தகைய வாக்குறுதி கிடைக்கும் இடத்தைவிட்டு உடனே வெளியேறுதல் நலம்.

ஒப்புதல் என்பது வெறும் கையெழுத்து அன்று. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனைத் தெளிவாக்கியது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் போதிய அளவில் அறிந்த பின் அளிப்பதே உண்மையான ஒப்புதல் என்பது அதன் சாரம்.

கர்நாடகத்தில் இதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு. 2007-ஆம் ஆண்டின் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம், சிகிச்சைக் கட்டணங்களை மக்கள் காணுமாறு வைக்கும்படி தனியார் மருத்துவமனைகளைப் பணிக்கிறது. 2017-இல் நிறைவேறிய திருத்தத்தின் வழியே நோயாளிகளின் உரிமைச் சாசனமும், மாவட்ட அளவிலான குறைதீர்க்கும் அமைப்பும் இடம்பெற்றன.

ஆலோசனை அறையில் கேட்க வேண்டியவை

மருத்துவரிடம் வினா எழுப்புவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் மக்களிடம் உண்டு. கேள்விகளை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்வது இத்தயக்கத்தைப் போக்கும்.

குறைபாடு என்னவென்று உறுதியாகக் கண்டறியப்பட்டதா? இச்சிகிச்சையைவிட எளிய வழி ஏதும் உண்டா? முட்டை வெளிப்படாமை மட்டுமே காரணமாயின் மாத்திரைகளே போதுமானதாகலாம்; எல்லோருக்கும் சோதனைக்குழாய் முறை தேவைப்படுவதில்லை. எத்தனை முறை முயன்ற பின் முறையை மாற்றுவது அல்லது நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஆய்வகத்தைப் பற்றிய கேள்வி. தம்பதியர் காண்பது மருத்துவரை; ஆனால் கருவை வளர்ப்பவர் கருவியல் வல்லுநர். அவர் மையத்திலேயே முழு நேரம் பணிபுரிகிறாரா, முட்டை, விந்தணு, கரு ஆகியவை மாறிவிடாதவாறு என்ன முறை பின்பற்றப்படுகிறது என்பவற்றை அறிதல் இன்றியமையாதது.

ஒரு முறையில் எத்தனை கருக்கள் வைக்கப்படும் என்பதும் முக்கியமானது. பல கருக்களை வைத்தால் இரட்டை, மூன்று குழந்தைகள் உருவாகி, குறைப் பிரசவம் முதலிய ஆபத்துகள் பெருகும். ஒரு கருவை வைப்பதையே விதிகள் பொது நெறியாகக் கொள்கின்றன. மருந்தின் மிகுதியால் சினைப்பை வீங்கி உடலில் நீர் கோக்கும் ஆபத்தை மையம் எவ்வாறு தடுக்கிறது, இரவில் வயிற்று வலியோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் யாரை அழைப்பது என்பதும் கேட்கத்தக்கது.

கூடுதல் சிகிச்சைகள் பரிந்துரைக்கப்படும்போது, அவற்றால் குழந்தைப் பேறு மிகும் என்பதற்கு ஆராய்ச்சிச் சான்று உண்டா என்று வினவ வேண்டும். விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் முறை, ஆண்களின் கடுமையான குறைபாட்டுக்காக 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. அக்குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் கூடுதல் பயன் உண்டு என்பது நிறுவப்படவில்லை.

மனநிறைவு இல்லையெனில் இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறுவது குற்றமன்று. 2002-ஆம் ஆண்டின் விதிகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்திற்குள் மருத்துவ ஆவணங்களை அளித்தல் வேண்டும். அவ்வாவணங்கள் கையில் இருந்தால், புதிய மருத்துவரிடம் அதே பரிசோதனைகளை மீண்டும் செய்யும் செலவும் கால விரயமும் குறையும்.

செலவும் சேமிப்பும்

சோதனைக்குழாய்ச் சிகிச்சையின் ஒரு சுற்றுக்குத் தனியார் மையங்களில் பொதுவாக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாகிறது. ஒரு சுற்றில் பலன் கிட்டாதவர்கள் மீண்டும் முயல நேரிடுகிறது. பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் இச்சிகிச்சையை ஏற்பதில்லை. ஏழைகளுக்கான ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் இதற்கு இடமில்லை. எனவே நகையை அடகு வைத்தோ, நிலத்தை விற்றோ, கடன் பெற்றோ பலர் இதனை மேற்கொள்கின்றனர்.

இந்நிலையில், அறிவிக்கப்படும் தொகுப்புக் கட்டணத்தில் எவை அடங்கும் என்பதை எழுத்தில் பெறுவதே பாதுகாப்பு. ஊசி மருந்துகள், மயக்க மருந்து, கருவை உறையவைத்தல், ஆண்டுதோறும் பாதுகாக்கும் கட்டணம், உறைந்த கருவைப் பின்னர் வைக்கும் செலவு ஆகியவை தனித்தனியே சேர்ந்து முதலில் சொன்ன தொகையைக் கடந்துவிடக்கூடும். பாதியில் சிகிச்சை நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

அரசின் முன் உள்ள பணி

தம்பதியரின் விழிப்பு மட்டும் போதாது. எல்லா மையங்களின் சேவைகளையும் அவற்றின் விளைவுகளையும் பற்றிய தகவல்களைத் தேசியப் பதிவகம் திரட்ட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் மைய வாரியான வெற்றி விகிதங்களை வெளியிட வகை செய்தது. அத்தகைய விவரங்கள் வயது வாரியாக, ஒரே அளவுகோலில், கன்னடத்திலும் பிற இந்திய மொழிகளிலும் மக்கள் பார்வைக்குக் கிடைத்தால், விளம்பர எண்களின் மயக்கம் தானே நீங்கும். மாவட்ட மருத்துவமனைகளில் விந்துப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை ஆகியவை தவறாது கிடைக்கச் செய்தால், பலர் பெங்களூருக்கு வராமலேயே காரணத்தை அறிந்துகொள்வர். குடும்பநலப் பணியாளர்கள் கருத்தடையைப் பற்றி மட்டுமன்றி, கருத்தரியாமையைப் பற்றியும் பேசப் பயிற்சி பெறல் வேண்டும்.

சிகிச்சை பெறும் அனைவருக்கும் குழந்தைப் பேறு கிட்டும் என எந்த மருத்துவராலும் கூற இயலாது. ஆனால், உண்மையான தகவலும், கண்ணியமான நடத்தையும், கணக்கில் தெளிவும் அனைவருக்கும் கிட்டச் செய்ய இயலும். தோல்வி வாய்ப்பையும் மறைக்காமல் கூறி, கணவன் மனைவி இருவரையும் சமமாக நடத்தி, நிறுத்த வேண்டிய இடத்தையும் எடுத்துச் சொல்லும் மருத்துவரே தேர்வுக்குரியவர். அத்தகையவரை இனங்காணும் அறிவு பரவும்போது, பெயர்ப் பலகைகள் நிறைந்த நகரத்திலும் தம்பதியர் வழி தவறாமல் செல்வர்.